இரண்டாவது மூலை

மதினி,

இன்று காலை கரிவலம்வந்தநல்லூரிலிருந்து ஒருவர் தம் வீட்டு மனைக்கு வரைபடம் போட என் கடைக்கு வந்திருந்தார். மூன்று மூலைகளைத் திரையில் குறித்துவிட்டு நான்காவதற்குக் கர்சரை நகர்த்தினேன். நான் நினைத்த இடத்தில் அது நிற்கவில்லை. பக்கத்து மனையின் மூலை அருகில் வந்ததும் தாவிப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டது. ஒட்டிக்கொண்டதற்கு அடையாளமாக ஒரு சின்னச் சதுரம் தெரிந்தது. எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர் பதறிவிட்டார்.

"எக்கா, அது அடுத்தவன் இடம்லா. எனக்கு வேண்டாம் தாயி. அவன் அரிவாளைத் தூக்கிட்டு வந்துருவான்."

"அது தானா ஒட்டும் அண்ணாச்சி. எடுத்துரலாம்."

"தானா ஒட்டுமா? எங்க சித்தப்பா மாதிரியில்லா இருக்கு. அவரும் பக்கத்துக் காட்டுல தானாத்தான் ஒட்டுவாரு."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். ஒரு விசையைத் தட்டியதும் தவறு நீங்கிவிட்டது. அவர் போன பிறகு அடுத்த வேலையில் கை வைக்க முடியவில்லை. கடையை இழுத்துச் சாத்திவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நீங்கள் உயிரோடிருந்தபோது சொல்ல வேண்டியது இது. அப்போது சொல்லியிருந்தால் உங்களுக்குப் பயன்பட்டிருக்கும். அதனாலேயே அப்போது சொல்லவில்லை.

இறந்தவர்களைத் தங்கமானவர்கள் என்று எழுதுவது வழக்கம். உங்களுக்கு அதைச் செய்ய மாட்டேன். இருந்திருந்தால், வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாரட்டி இது, எனக்குத் தெரியாம ஒரு தங்கமான பொம்பளை?" என்று கேட்டிருப்பீர்கள். உங்கள் நாக்குக்குத் தெருவே பயந்தது. நீங்கள் சத்தம் போட்டுப் பேசியதே இல்லை. கீரை ஆய்ந்துகொண்டே, தலையை நிமிர்த்தாமல், ஒரு வார்த்தை சொல்வீர்கள். கேட்டவள் வீட்டுக்குப் போய்ப் பாதி வேலை பார்க்கும்போதுதான் அது எங்கே குத்தியது என்று அவளுக்குத் தெரியும். நான் உங்கள் தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வாரம் என் சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டு, "டிகிரி படிச்ச சாம்பார்லா. நம்ம வாய்க்கு விளங்காது" என்றீர்கள். அன்றிலிருந்து அடுப்படி உங்களுடையதாகவே இருந்தது. எனக்கும் அது சௌகரியம்தான் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

கல்யாணமான நாலாம் வருஷமே உங்கள் கணவரைப் பறிகொடுத்துவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடு அப்பா வீட்டுக்குத் திரும்பியவர் நீங்கள். பிள்ளை இல்லை. உங்கள் அப்பா, தாம் இருக்கும்போதே நிலத்தைப் பிரித்து அளந்து கொடுத்தார். வண்டித்தடத்தை ஒட்டிய முன்பாதி உங்கள் தம்பிக்கு, ஓடைக்கரை வரை போகும் பின்பாதி உங்களுக்கு. பின்பாதிக்கு நீங்கள் போய்வர, தம்பி நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவே எட்டடி அகலத்தில் ஒரு பாதை. அளந்து, கல் ஊன்றி, நில அளவைப் புலப்படத்திலும் இரண்டு கோடுகளாக அதை வரைந்திருந்தார்கள்.

அந்தக் கரிசலில் பிச்சிப்பூ வராது என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் கிணற்றைத் தூர் வாரி, ஓடை மணலைச் சுமந்து கொட்டி, பிச்சி வைத்தீர்கள். விடியுமுன் பறித்து, ஈரத்துணியில் கட்டி, குருவிகுளத்திலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகும் முதல் பஸ்ஸில் பூ மார்க்கெட்டுக்கு ஏற்றிவிடுவீர்கள். "பூ யாருக்கும் நிக்காதுட்டி" என்று சொல்லிக்கொண்டே எட்டடிப் பாதையில் ஓட்டமும் நடையுமாக வருவீர்கள். நான் பல் தேய்த்துக்கொண்டு நிற்கும் நேரத்தில் உங்களுக்கு அன்றைய பாதி நாள் முடிந்திருக்கும்.

அதற்கு அடுத்த பஸ்ஸில் நான் வேலைக்குப் போவேன். "பொம்ம வரையப் போறா" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்வீர்கள். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜவுளிக்கடை மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். பழைய புலப்படங்களை ஸ்கேன் செய்து அனுப்புவார்கள். நாங்கள் அவற்றைத் திரையில் வைத்து, ஒவ்வொரு நிலத்தையும் மூலை மூலையாகத் தொட்டு மறுபடி வரைய வேண்டும்.

ஒரு நிலத்தின் மூலையும் அடுத்த நிலத்தின் மூலையும் நூலளவுகூடப் பிரியாமல் சேர வேண்டும். கண்ணால் பார்த்து அப்படிச் சேர்க்க யார் கையாலும் முடியாது. அதற்காகத்தான் அந்த ஸ்நாப் வசதி. ஏற்கெனவே வரைந்த மூலைக்குப் பக்கத்தில் கர்சர் வந்தால், மூலை அதை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். எவ்வளவு பக்கத்தில் வந்தால் இழுக்கலாம் என்பதை நாம்தான் குறித்துவைக்க வேண்டும். தூரத்தைக் குறைத்து வைத்தால், ஒவ்வொரு மூலையையும் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து நகர வேண்டும். கூட்டி வைத்தால் குத்துமதிப்பாகக் கையை ஓட்டினாலே போதும், மிச்சத்தைக் கணினி பார்த்துக்கொள்ளும். நாங்கள் எல்லோரும் கூட்டித்தான் வைத்திருந்தோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இரண்டு நிலங்களுக்கு நடுவே இடைவெளி விழுந்தால் அது பிழை. சரிபார்க்கும்போது சிவப்பாகக் காட்டும், தாள் திரும்பி வரும். தனக்கென்று எண் இல்லாத ஒரு நடைபாதையும் கணினியின் கணக்கில் இடைவெளிதான். அதைச் சரியாக வரைந்தால் சிவப்பு விழும். இது பாதை, பிழை அல்ல என்று தனியே குறிப்பெழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டி, அவர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டும். தவறாக வரைந்துவிட்டால் தாள் சுத்தமாக இருக்கும்.

என் அம்மா சிவகிரியிலிருந்து வந்து ஒரு ராத்திரி தங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். மறுநாள் காலை அவள் கிளம்பும்போது உங்கள் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. உங்கள் கல்யாணச் சிமிழ். அதில் குங்குமம் எடுத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது, ஆனாலும் தினமும் துடைத்து வைப்பீர்கள்.

"எட்டி, உங்கம்மா பையை ஒருதரம் உதறிப் பாக்கச் சொல்லு. தெரியாம உள்ள விழுந்துருக்கும்" என்றீர்கள். கையில் முருங்கைக்கீரை. தலையை நிமிர்த்தவில்லை.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் உங்கள் தம்பியைப் பார்த்தேன். அவர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போனார். அம்மா பையைத் தரையில் கவிழ்த்தாள். ஒரு சேலை, மாத்திரை அட்டை, பஸ்ஸில் தின்ன எடுத்துவந்து மிச்சமிருந்த அரை வட்டுக் கருப்பட்டி.

"இல்லியா? சரி, போவுது. வேற எங்கனயும் இறக்கி வச்சியளோ என்னமோ."

அம்மா சேலையை மறுபடி மடித்தாள். அவளுக்குக் கலந்து வைத்த காப்பி அப்படியே ஆறிக் கிடந்தது. "நான் வாரேன் மக்கா" என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு அவள் சாகும்வரை அந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. நாலைந்து நாள் கழித்து உளுந்துப் பானைக்குள் சிமிழ் கிடைத்தது. எடுத்துத் துடைத்து மாடத்தில் வைத்தீர்கள். நான் பார்த்துக்கொண்டு நின்றதை நீங்களும் பார்த்தீர்கள். "என்னட்டி பாக்க? உளுந்துல வண்டு விழுந்துருக்கு, வெயில்ல போடணும்" என்றீர்கள். அவ்வளவுதான்.

அம்மா பையைக் கவிழ்த்த அன்றுதான் என் மேசைக்கு அந்தத் தாள் வந்தது. மேலே நம் ஊர்ப் பெயர். ஓடையின் வளைவைப் பார்த்ததுமே எனக்குப் பிடிபட்டுவிட்டது. உங்கள் தம்பி நிலம், அதன் பின்னால் உங்கள் நிலம், தம்பி நிலத்துக்கும் பக்கத்து நிலத்துக்கும் நடுவில் பென்சில் முனை அகலத்தில் இரண்டு கோடுகள். ஸ்கேனில் அவ்வளவு தெளிவு. பக்கத்து நிலத்தை முதலில் வரைந்து முடித்தேன். பிறகு உங்கள் தம்பி நிலத்தைத் தொடங்கினேன். பாதையின் இந்தப் பக்கக் கோட்டில் மூலையைக் குறிக்கப் போனபோது கர்சர் பாதையைத் தாண்டிப் பக்கத்து நிலத்தின் மூலையில் போய் ஒட்டிக்கொண்டது. அதில் என் பங்கு எதுவும் இல்லை. தூரத்தைக் கூட்டி வைத்திருந்தேன், அது இழுத்தது.

கையை நிறுத்திப் பார்த்தேன். ஒரு விசை தட்டினால் அது விலகியிருக்கும். நான் கர்சரை மறுகோடிக்கு, இரண்டாவது மூலைக்கு நகர்த்தினேன். அங்கேயும் தாவும் என்று தெரிந்தேதான் நகர்த்தினேன். தாவியது. அழுத்தினேன். உங்கள் பாதை உங்கள் தம்பி நிலத்துக்குள் போய்விட்டது. அவர் நிலத்தின் பரப்பு கொஞ்சம் கூடியிருந்தது. அனுமதித்த வித்தியாசத்துக்குள்தான்.

வெகுகாலம் ஒன்றும் நடக்கவில்லை. கணினியில் பாதை இல்லை, தரையில் இருந்தது. நீங்கள் அதில் நடந்தீர்கள். நான் சங்கரன்கோவிலில் சொந்தமாகக் கடை போட்டேன். அந்த ஆபீஸை மூடிவிட்டார்கள். பிறகு உங்கள் தம்பி மக்காச்சோளத்துக்கு மாறினார். டிராக்டர் திரும்ப இடம் போதவில்லை. ஏதோ கடனுக்காக வரைபட நகல் எடுத்தவர், அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். மறுவாரம் பாதையின் வாயில் கல்லுக்கால் ஊன்றினார்.

"ஏலே, பாதையில ஏன்லே காலு ஊனுத?"

"எந்தப் பாதை எக்கா?"

"அப்பா விட்ட பாதைலே. அளந்து கல்லு போட்டதை நான் கண்ணால பாத்தேன்."

"உன் கண்ணை எந்த ஆபீஸ்ல பதிஞ்சு வச்சிருக்கு? படத்துல காட்டு, நாளைக்கே பிடுங்கிருதேன்."

உங்கள் தம்பி கெட்டவர் இல்லை. அந்தக் காகிதம் வராமல் இருந்திருந்தால் அவருக்கு அந்த எண்ணமே வந்திருக்காது. நீங்கள் அன்று பதில் சொல்லாமல் திரும்பிவிட்டீர்கள். உங்களுக்குப் பதில் கிடைக்காமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. உள்ளூர எனக்கு இனித்தது மதினி. இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். ஆனால் அது உண்மை.

அன்று மத்தியானம் அந்த நகலை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். நான் வந்த இத்தனை வருஷத்தில் நீங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. பிச்சிக்காம்பின் கறை ஏறிய விரலைக் காகிதத்தில் வைத்தீர்கள்.

"நீ இந்த வேலைதான பாத்த. பாதை எங்கன இருக்குன்னு காட்டு."

"இதுல இல்ல மதினி."

"உங்க ஆபீஸ்லதான இதெல்லாம் போட்டிய? யாரு போட்டான்னு கேட்டுச் சொல்லேன்."

"ஆபீஸை மூடியாச்சு. யார் போட்டதோ, யாருக்குத் தெரியும்."

"எந்தக் கை போட்டுச்சோ, அந்தக் கை விளங்காமப் போக" என்றீர்கள். நான் எழுந்து போய் உங்களுக்குக் காப்பி கலந்து கொண்டுவந்தேன். கை நன்றாகத்தான் விளங்கியது. இன்றும் விளங்குகிறது. இதை எழுதுவதும் அதுதான்.

மனு எழுதிக் கொடுத்தவளும் நானே. தாலுகா ஆபீசுக்கு மூன்று, அதற்கு மேலே இரண்டு. என் கையெழுத்து அழகு என்று நீங்கள் சொன்னது அப்போதுதான். 'மேற்படி எட்டடிப் பாதை என் தகப்பனார் காலத்தில் முறைப்படி அளந்து விடப்பட்டது' என்று எழுதி, உங்களிடம் வாசித்துக் காட்டி, கைநாட்டு வைக்கச் சொல்வேன். பாதை படத்தில் இல்லை என்று ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. பழைய புலப்படத்தைத் தேடி எடுத்தபோது மடிப்பில் கிழிந்து, அந்த ஓரமே உதிர்ந்து போயிருந்தது. ஸ்கேன் நகல் யாரிடம் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. அந்த இரண்டு கோடுகளைத் தெளிவாகப் பார்த்த கடைசி ஆள் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உங்களுக்காக மனு எழுதிக்கொண்டிருந்தாள். அதை நீங்கள் உதவி என்று நினைத்தீர்கள். மனு எந்தத் திசையில் போகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அதற்காகத்தான் எழுதினேன்.

நீங்கள் ஓடை வழியாகச் சுற்றிப் போகத் தொடங்கினீர்கள். அரை மணி நேரம் கூடுதல். மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீர், மற்றக் காலத்தில் வேலிக்கருவை. முதல் பஸ் தவறியது, அடுத்த பஸ்ஸில் போன பூவை மார்க்கெட்டில் மூக்கைச் சுளித்து வாங்கினார்கள். பிறகு வாங்கவில்லை. ஒருநாள் அரிவாளோடு போய் அத்தனை பிச்சிக்கொடியையும் நீங்களே வெட்டிப் போட்டுவிட்டு வந்தீர்கள். நிலத்தை அப்படியே விட மனமில்லாமல் சோளம் விதைத்தீர்கள். அதற்குப் போகும்போதுதான் ஓடைக்குள் முள் தைத்தது. உங்களுக்குச் சர்க்கரை. முள்தான் காரணம் என்று டாக்டர் சொல்லவில்லை, ஆறாத புண் என்றுதான் சொன்னார். முதலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். பிறகு பாதத்தை எடுத்தார்கள்.

திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரி, "இது உங்க மகளா?" என்று கேட்டாள்.

"தம்பி பொண்டாட்டி" என்றீர்கள். "ஆனா எனக்குன்னு அலைஞ்சவ இவ ஒருத்திதான். வாய் செத்தவ. என்கிட்டச் சீப்பட்டவ. இருந்தாலும் விடல பாத்துக்கிடுங்க."

உங்கள் வாயிலிருந்து என்னைப் பற்றி வந்த ஒரே நல்ல வார்த்தை அது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன். அப்போது சொல்லியிருக்கலாம். சுளையை எடுத்து உங்கள் வாயில் வைத்தேன். பாதத்தை எடுத்த பதினோராம் நாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

போன மாதம் துணிந்து சர்வேயரிடம் போனேன். நான்தான் வரைந்தேன், தப்பாக வரைந்தேன், பாதையைத் திரும்பப் போட என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். எழுதிக் கொடுக்கவும் தயாராகத்தான் போயிருந்தேன். அவர் இரண்டு நிலங்களின் எண்களையும் கணினியில் போட்டுப் பார்த்தார்.

"பின்னால இருக்க நிலம் யார் பேர்லம்மா?"

"எங்க வீட்டுக்காரர் பேர்ல. அவங்க அக்கா தவறிட்டாங்க, வாரிசு இல்ல. இவருக்கு வந்துட்டு."

"முன்னால இருக்கது?"

"அதுவும் அவர் பேர்லதான்."

அவர் திரையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "ஒரே ஆளு நிலத்துக்கு எதுக்கும்மா பாதை? யாரு கேட்டு வரப்போறா? பிரச்சினைதான் தீந்துட்டே. போயிட்டு வாங்க."

அவர் சொன்னது சரி. இப்போது அந்த வரைபடத்தில் பிழை இல்லை. நான் வரைந்தபடியே நிலம் மாறிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் உங்கள் தம்பி, எங்கே போய்வந்தாய் என்று கேட்டார். கடை வேலையாக என்றேன்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அன்று கோபத்தில் செய்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அம்மா பையைக் கவிழ்த்த கோபம். கேட்பவர்கள் அதை மன்னிக்கவும் கூடும். ஆனால் நான் அந்த மூலையை அழுத்தியபோது காலை பதினொரு மணி. தாளை அனுப்பியது மாலை நாலரைக்கு. நடுவில் மத்தியானச் சாப்பாடு வந்தது. நீங்கள் கட்டிக் கொடுத்த தூக்குச்சட்டியைத் திறந்தேன். எலுமிச்சம்பழச் சோறு, சேனைக்கிழங்கு வறுவல். நல்ல பசி. பக்கத்து மேசைப் பெண் இரண்டு துண்டு வறுவல் எடுத்துக்கொண்டு, "உங்க மதினிக்கு நல்ல கைப்பக்குவம்க்கா" என்றாள். ஆமாம் என்றேன், மனதாரத்தான் சொன்னேன். அம்மா ஊர் போய்ச் சேர்ந்துவிட்டதாக போன் வந்தது. கோபம் போய்விட்டிருந்தது மதினி. தேடிப் பார்த்தாலும் என்னிடம் இல்லை. சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்தபோது உங்கள் நிலம் திரையில் அப்படியே இருந்தது. திருத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் தோன்றவில்லை. எங்கும் சிவப்பு இல்லை. அனுப்பினேன். நான் இன்றும் சுமப்பது கோபமே இல்லாத அந்தப் பிற்பகலைத்தான்.

சாயங்காலம் தூக்குச்சட்டியை உங்களிடம் கொடுத்தேன். மூடியைத் திறந்து பார்த்தீர்கள்.

"என்னட்டி, இன்னைக்கு ஒரு பருக்கை மிச்சமில்ல?"

"நல்லா இருந்துச்சு மதினி" என்றேன்.